அஞ்சாம் வருஷச் செக்கப்புக்கு நான் வரக் கூடாதாம்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை, கடையிலிருந்து.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ஜோசப் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெயபாக்கியத்தின் கணவன் தானியேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இதில் பாக்கியம் நலம் என்பது மதுரை டாக்டரம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நான் நலம் என்பது நானாகச் சொல்லிக்கொள்வது, ஏனென்றால் இந்த வீட்டில் என்னை யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி அடுத்த போனில் விசாரிக்கிறேன், இப்போது என் வலியைச் சொல்ல விடுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் போன் பேசினால் அடுப்படி வரை கேட்கும். அதுபோக, நீங்கள் எட்மாஸ்டராக இருந்தவர், எழுத்தில் கொடுத்தால்தான் புகார் உங்களுக்குப் புகாராகத் தெரியும். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் சர்ச்சில் உங்கள் தங்கையின் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தபோது, "மாப்ளே, இவ கொஞ்சம் அழுத்தக்காரி, பாத்துக்கங்க" என்று காதோடு சொன்னீர்கள். அழுத்தக்காரி என்று சொன்னீர்களே தவிர, வருகிற பதினெட்டாம் தேதி அஞ்சாம் வருஷச் செக்கப்புக்கு என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, சிலமலை ராக்கையாவின் காரில் ஏறி மதுரைக்குப் போவாள் என்று சொல்லவில்லை. விஷயம் இதுதான் மச்சான். என்னை வரக் கூடாது என்கிறாள். ராக்கையா வரலாமாம். கட்டின புருஷன் வரக் கூடாதாம்.

முதலிலிருந்து வருகிறேன். அவளுக்கு வந்த வியாதியைக் கண்டுபிடித்தது யார்? தேனி டாக்டரா? மதுரை டாக்டரா? நான்! உங்கள் மகள் ஷெர்லின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது, சங்கிலிக் கொக்கியை மாட்டிவிடச் சொல்லி முதுகைக் காட்டி நின்றாள். மாட்டுகிற போதே என் விரல் நின்றுவிட்டது. நாற்பது வருஷமாக ஏலக்காய் தரம் பிரிக்கிற கை இது என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சாக்குக்குள் கையை விட்டால், எட்டு மில்லிமீட்டர் காய் எவ்வளவு, ஏழு எவ்வளவு, சல்லடை தவறவிட்ட ஆறு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், இன்னைக்கும் ஏல மையத்தில் என் கையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் விலை கேட்கிறார்கள். "பாக்கியம், இங்கன எட்டு மில்லியில ஒண்ணு கெடக்கே" என்றேன். "நிச்சயத்துக்கு நேரமாச்சு, கடைப் பேச்சக் கடையில வச்சுக்கங்க" என்றாள். நான் விடவில்லை. தேனியில் நெறி கட்டியிருக்கிறது, மாத்திரையில் போய்விடும் என்றார்கள். மூன்று வாரத்தில் ஒன்று இரண்டாயிற்று. பிறகு மதுரையில் ஒன்றை எடுத்துச் சோதித்து, லிம்போமா, நிணநீர்ப் புற்று என்று சொன்ன நாளில் நீங்களும் கூடவே இருந்தீர்கள், அதை நான் திரும்ப எழுதவில்லை. ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள், கழுத்துக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், முடி கொட்டியது, முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது, கர்த்தர் கிருபையாலும் டாக்டரம்மா அமுதவள்ளியின் கைராசியாலும் வியாதி போயிற்று.

வியாதி போனபிறகுதான் அதற்குக் காவல் இருக்கிற சோலி ஆரம்பமாயிற்று. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரை. ரத்தம் எடுப்பார்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பார்கள், கரண்டு வைத்ததால் தைராய்டு, மருந்து ஏற்றியதால் இருதயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. காய்ச்சல் வந்தால் சொல்லணும், எடை குறைந்தால் சொல்லணும், உடம்பு வேர்த்துக் கொட்டினால் சொல்லணும். ஒரு தடவை விடாமல் நான் கூடவே போனேன். அதுபோக, மதுரைக்கும் மதுரைக்கும் நடுவில் உள்ள நாட்களுக்கு யார் பொறுப்பு? நான்தான். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அவள் கழுத்தைத் தடவி, பழைய டைரியில் இடது இல்லை, வலது இல்லை என்று எழுதி வருகிறேன். அந்த டைரியை டாக்டரம்மாவிடம் காட்டியபோது, "சார், உங்க விரல எங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார். அதைச் சிரிப்பு என்கிறாள் உங்கள் தங்கை. நான் சர்டிபிகேட் என்கிறேன்.

இந்த இடத்தில்தான் ராக்கையா வருகிறார். சிலமலையில் தென்னந்தோப்பு, கத்தரிக்காய், முருங்கை என்று பாடுபடுகிற சம்சாரி. வயது அறுபத்து மூன்று. மீசை ஒன்று வைத்திருக்கிறார், மருந்து ஏற்றியபோது எல்லாருக்கும் கொட்டியதுபோல அவருக்கும் கொட்டியதுதான், ஆனால் இப்போது பார்த்தால் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது, அவ்வளவு திமிர் அந்த மீசைக்கு. அவருக்கும் அதே வியாதி, அதே டாக்டரம்மா, அதே கிழமை. மூன்றாவது மருந்து ஏற்றும்போது இவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். இவளுக்கு இளநீர் வாங்க நான் கீழே போனேன். போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தால், இரண்டு பேரும் கையில் ஊசியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்! மூன்று மாதமாக என் முகத்தைப் பார்த்து உதட்டைக்கூடப் பிரிக்காதவள் மச்சான், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். "என்ன பேச்சு?" என்றேன். "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க" என்றாள். "வாயில இரும்பு வாட அடிக்குதுன்னு சொன்னேன், அண்ணனுக்கும் அப்படித்தானாம்." இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கு அந்த வியாதி வரவில்லை, அது என் குற்றமா?

அன்றைக்கு அண்ணன், தங்கச்சி என்று ஆரம்பித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசல் தாண்டியதும் முதல் போன் சிலமலைக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மார்க்கு ஒப்பிடுவதுபோல ரத்த ரிப்போர்ட்டை ஒப்பிடுவார்கள். "அண்ணே, வெள்ளையணு எம்புட்டு?" "உனக்குத் தைராய்டு மாத்திரை கூட்டிட்டாங்களா தங்கச்சி?" நான் பக்கத்தில் இருந்து ஒரு கணக்கைத் திருத்திச் சொன்னால், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்பாள். ஐந்து வருஷ ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகத் துளை போட்டு நூலில் கோத்து வைத்தவன் நான், சும்மா இருக்க வேண்டியவனும் நான். அவர் வரும்போதெல்லாம் முருங்கைக்காய்க் கட்டோடு வருவார். பதிலுக்கு ஏலக்காய் கொடுக்கச் சொல்வாள். எனக்கு நல்ல காயைக் கொடுக்க மனசு வராது மச்சான், மறைக்காமல் சொல்கிறேன், ஆறு மில்லியில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். உங்கள் தங்கை அதைப் பிரித்துப் பார்த்து, கொட்டிவிட்டு, எட்டு மில்லியில் இரண்டு மடங்கு கட்டிக் கொடுத்தாள். கடைக்காரன் பெண்டாட்டி, அவளுக்கும் அளவு தெரியும்.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த மாதிரிப் பொறாமை இல்லை. அவருக்கு ஜக்கம்மாள் என்று ஒரு சம்சாரம் இருக்கிறார், நல்ல மாதிரி, அவரும் கூடவேதான் வருவார். என் பொறாமை வேறு. என் வீட்டுக்காரி ஒரு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், அந்த ஊரைப் பற்றி அவள் பேசுவதெல்லாம் ராக்கையாவிடம்தான். நான் வாசல் வரை கூடப் போனவன், எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அது எனக்கு எரிகிறது.

எரிந்ததால் நான் ஒரு காரியம் செய்தேன். போன செக்கப்பின்போது, அவள் ரத்தம் கொடுக்கப் போன நேரத்தில், டாக்டரம்மாவிடம் எனக்கும் உடம்பு வேர்க்கிறது, எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, அசதியாக இருக்கிறது என்று சொன்னேன். மூன்றும் உண்மை. டாக்டரம்மா என் கழுத்தைத் தடவினார், அக்குளைப் பார்த்தார், ரத்தம் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, சொல்ல வெட்கம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. முடிவு வந்தது. சர்க்கரையாம்! வெறும் சர்க்கரை! மச்சான், சர்க்கரைக்கு யார் வருகிறார்கள்? போடியில் வீட்டுக்கு இரண்டு பேருக்குச் சர்க்கரை. யாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வரவில்லை, பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணவில்லை, ராக்கையா மட்டும் போன் செய்து, "மொதலாளி, இனி காப்பிக்குச் சீனி வேணாம்" என்றார். அவர் சொன்னதால் ஒரு வாரம் இரண்டு கரண்டி சேர்த்துப் போட்டுக் குடித்தேன்.

அடுத்து நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும், ஆனால் தப்பாக வந்திருக்கும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அவள் கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தாள். கடைக்கு லோடு வருகிற நாள், எனக்கு வெரசாகப் போகணும். சரி, ஜெபம் பாட்டுக்கு நடக்கட்டும், நாம் பின்னால் நின்று பார்த்துவிடலாம் என்று கழுத்தில் கை வைத்தேன். கழுத்து சுத்தம். கை மேலே போயிற்று, வலது தாடை ஓரத்தில் நின்றது. இருந்தது மச்சான்! ஏழரை மில்லி! உருண்டை இல்லை, நீளவாக்கில், நகர்கிறது! "பாக்கியம்!" என்று கத்தினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை, ஜெபத்தின் நடுவில் பேச மாட்டாள், கையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினாள். எனக்கு அவள் அழுகிறாள் என்று தோன்றிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பாஸ்டருக்குப் போட்டேன், எடுத்தார். அவர் ஜெபக்குழுப் பெண்களுக்குச் சொல்லிவிட்டார். கார் சொல்லியாயிற்று. நான் நூலில் கோத்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறேன். இவள் நிதானமாக ஆமென் சொல்லி, எழுந்து, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். ஏலக்காய்! கரண்டு வைத்ததிலிருந்து அவளுக்கு வாயில் எச்சில் ஊறாது, காலையில் ஒரு காயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நினைப்பு வரவில்லை. கடைக்குப் போய் அளந்து பார்த்தேன். ஏழரை மில்லிதான். அளவில் நான் தப்பு விடவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஜெபக்குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, யார் சொன்னார்களோ, சிலமலையிலிருந்து ராக்கையா மொபெட்டில் வந்து இறங்கினார், முகம் செத்துப் போயிருந்தது. இவள் ஓடிப் போய் அவரிடம் கன்னத்தைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். அன்றிலிருந்து காலைச் செக்கப் நிறுத்தம். "இனி எங்கழுத்துல கை வச்சீங்கன்னா கோயம்புத்தூருக்குப் பஸ்சு ஏறிருவேன்" என்று உங்களைச் சொல்லித்தான் மிரட்டினாள். டைரியில் அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் வெள்ளை.

சரி, கழுத்துப் போயிற்று, நடையாவது மிஞ்சும் என்று பார்த்தேன். இருதயத்துக்கு நல்லது, தினம் நடங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன சனிக்கிழமை ராக்கையாவும் ஜக்கம்மாளும் இவளும் போடிமெட்டுக்குப் போய் குளிர்ச்சியில் நடந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. நானும் செருப்பை மாட்டினேன். "நீங்க வேணாங்க. நிமிசத்துக்கு ஒருதரம் நாடியப் புடிப்பீங்க, மனுசி நிம்மதியா நடக்க முடியாது" என்றாள். கார் போயிற்று. எனக்குக் கடையில் கை ஓடவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் ஏறிவிட்டேன். இருபது பெண்களுக்கு நடுவில் தூக்குவாளிகளுக்கு மேல் நான். காய் பறிக்கிற மூக்கம்மாள் என்னை அடையாளம் கண்டு, "மொதலாளி எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "தோட்டம் பாக்க" என்றேன். "யாரு தோட்டம்?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது, நல்ல வேளையாக வாந்தியும் வந்துவிட்டது.

மெட்டில் இறங்கி ஒரு டீக்கடைக்குள் பதுங்கி, கண்ணாடிப் பாட்டில்களுக்கு நடுவே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையாளக் கடைக்காரர், "சேட்டா, சாயா வேணோ?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, நான் வெளியே பார்ப்பதைத் தானும் எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் மூடுபனிக்குள் நடந்து வந்தார்கள். பாக்கியம் கையை வீசி நடக்கிறாள் மச்சான், கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கடையைத் தாண்டியதும் பின்னாலேயே போனேன். ஏற்றம் என்று நினைக்கவில்லை, ஏற்றமாக இருந்தது. ஐம்பது அடி போவதற்குள் மூச்சு இரைத்து, ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தவர் ராக்கையாதான். "தங்கச்சி, நம்ம மொதலாளி மாரியில்ல இருக்கு?" மூன்று பேரும் ஓடி வந்தார்கள். நடுரோட்டில், தோட்ட ஜீப்புகள் போகிற வழியில், மூக்கம்மாள் பார்க்க, உங்கள் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "தொண்ணூத்தெட்டு" என்று ராக்கையாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும்தான் அந்தத் தீர்ப்பைச் சொன்னாள். "பதினெட்டாம் தேதி நீங்க வரவேணாம். அஞ்சு வருசம் முடியிது. இனி வருசத்துக்கு ஒருதரம் வந்தாப் போதும்னு டாக்டரம்மா சொல்வாங்களா, வேற எதையாச்சும் சொல்வாங்களான்னு தெரியல. நான் அண்ணனோடயும் மதினியோடயும் போயிட்டு வர்றேன்." "ஏன், அஞ்சு வருசமா நான் என்ன கொற வச்சேன்?" என்றேன். கத்தித்தான் கேட்டேன். அவள் கத்தவில்லை. "கொற ஒண்ணும் வைக்கலைங்க. டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பிரிக்கையில நான் அவுக மூஞ்சியப் பாக்கணும். அஞ்சு வருசமா ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், எப்ப விழுந்துருவீங்களோன்னு. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா நீங்க அன்னைக்குப் பூரா சாப்பிடுறதில்ல. அண்ணன்கிட்டச் சொன்னா, எனக்குந்தான் தங்கச்சின்னுட்டு அவரு பாட்டுக்குச் சாப்பிடுறாரு. அந்த ஒரு நாளாவது நான் பாட்டுக்குப் பயந்துக்கிர்றேனே" என்றாள்.

கேட்டீர்களா இந்தப் பேச்சை? நான் சாப்பிடாமல் இருந்தது குற்றம், அவர் சாப்பிட்டது பெருமை! மூன்று நாளாக இதையே நினைத்து நான் சாப்பிடவில்லை. ஆகவே மச்சான், கூடப் பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் உடனே அவளுக்குப் போன் போட்டு, செக்கப்புக்குப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை என்று எட்மாஸ்டர் குரலில் சொல்ல வேண்டும். ராக்கையா வேண்டுமானால் பின்னால் தனியாக பஸ்சில் வரட்டும். டாக்டரம்மா அறையில் மூன்று நாற்காலிதான் உண்டு, அதில் ஒன்று ஐந்து வருஷமாக என்னுடையது, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பான ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கியிருந்து, நேரமிருந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓரங்கட்டப்பட்ட உங்கள் மைத்துனன்,
தானியேல்.

பி.கு.: வியாழக்கிழமை. கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. போன் போட வேண்டாம் மச்சான். மேலே எழுதிய எதற்கும் போட வேண்டாம். இன்று மத்தியானம் ராக்கையா கடைக்கு வந்தார். முருங்கைக்காய் இல்லை, கை வீசி வந்தார். "மொதலாளி, கதவச் சாத்துங்க" என்றார். சாக்குக்கு நடுவில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி, இடது கையைத் தூக்கினார். "பாருங்க" என்றார். அக்குளில் கை வைத்தேன். எங்கள் சல்லடையில் அந்த அளவு கிடையாது. "எம்புட்டு?" என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, தெரியவில்லை என்று சொன்னேன். "பதினஞ்சு நாளாச்சு. ஜக்கம்மாகிட்டச் சொல்லல" என்றார். "பாக்கியத்துக்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றேன். "தங்கச்சிக்கு அஞ்சாம் வருசம் முடியப்போற நேரம். இதக் கேட்டா அது தன் கழுத்தத் தடவ ஆரம்பிச்சிரும். உங்களுக்குன்னா பயந்து பழக்கமிருக்கு மொதலாளி. அதான் வந்தேன்." அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், எடுத்துவிட்டார். நாளைக்கே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். லோடு விஷயமாக நானும் அவரும் மதுரை போகிறோம் என்று வீட்டில் சொன்னேன். "அண்ணனுக்கும் ஏலக்கா லோடுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாம உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பேச்சு?" என்று அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். பொறாமை மச்சான், எனக்குத் தெரியாதா அந்த முகம்? உங்களுக்குப் போன் செய்து என்மேல் புகார் சொல்வாள், ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டாம் தேதி அவள் விருப்பப்படி போகட்டும். தனியாகப் போனாலும் போகட்டும். அன்றைக்கு நான் கடையில் இருப்பேன், சாப்பிடுவேன், சாப்பிட்டேன் என்று அவளுக்குச் சொல்லவும் செய்வேன்.

இன்னொன்று: வெள்ளி, மதுரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும். கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க அவரை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள், முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். உள்ளே போவதற்கு முன்னால் சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்து, கூட வந்தவர் பெயர், என்ன உறவு என்று எழுதச் சொன்னாள். பெயரை எழுதிவிட்டு, தெரிந்தவர் என்று எழுதப் போனேன். ராக்கையா பேனாவைப் பிடித்து நிறுத்தி, "தங்கச்சி மாப்ளன்னு எழுதுங்க. வேற என்னவாம்?" என்றார். அப்படியே எழுதிவிட்டேன். பிறகு கதவு வரை என் கையை விடவில்லை, சிஸ்டர்தான் பிரித்துக் கூட்டிப்போனாள். "மச்சான், நான் இங்கனயேதான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்று சொன்னேன். முப்பத்தோரு வருஷமாக நான் அப்படிக் கூப்பிட்டது உங்கள் ஒருவரைத்தான், நீங்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் நம் சர்ச் இல்லை, ஆனாலும் இன்று குடும்ப ஜெபத்தில் பெயரைச் சொல்லுங்கள்: ராக்கையா, சிலமலை.